குதிகால் சத்தம்

நினைக்கக் கூடாது, குதிகாலைப் பற்றி மட்டும் நினைக்கவே கூடாது என்று கனிஷ்கா நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்தால் அது எழுந்துவிடும், அதன் குணம் அப்படி. மற்ற பிள்ளைகளுக்குச் சந்தோஷம் வந்தால் முகத்தில் தெரியும், கையைத் தட்டுவார்கள், கத்துவார்கள். இவளுக்கு முதலில் குதிகாலில்தான் தெரியும். கெண்டைக்கால் கயிறு முறுக்கின மாதிரி இறுகி, இரண்டு குதிகாலும் தரையை விட்டுக் கிளம்பி, உலகமே கொஞ்சம் கீழே போய்விடும். போன தீபாவளிக்கு மாமா வாணப் பெட்டியோடு வந்து இறங்கினபோது எழும்பின எழும்பலில் ஃபிரிட்ஜின் உச்சந்தலை தெரிந்தது, அம்மா அதன்மேல் ஒளித்துவைத்திருந்த கமர்கட் டப்பா தெரிந்தது, இன்னும் ஒரு பிடி சந்தோஷம் கூடியிருந்தால் ஃபேனில் தலை இடித்திருக்கும், அப்புறம் மொட்டை மாடி, அப்புறம் கிணத்துக்கடவு ஊரே காலடியில் கிடந்திருக்கும். நல்லவேளை, அன்றைக்கு மத்தாப்பு நமுத்துப்போய் வெறும் புகை வந்தது, சந்தோஷம் இறங்கியது, குதிகாலும் கூடவே இறங்கியது. இன்றைக்கோ நமுக்கிறதுக்கு எதுவும் இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், ஏ.சி. ஓடுகிற ஒரு நீளமான அறையில், உயரமான கட்டிலில் அரை டவுசரோடு அவளை உட்கார வைத்து, இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் பாதத்திலும் நெல்லிக்காய் அளவில் வெள்ளிக் குண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். சுவரின் உச்சியில் சுற்றிலும் காமிராக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புக் கண். நடந்தால் அந்தக் கண்கள் இவளைப் பார்க்காது, குண்டுகளை மட்டும் பார்க்கும். கம்ப்யூட்டருக்குள் ஒரு குச்சிப் பொண்ணு நடக்கும். அந்தக் கம்ப்யூட்டரின் தலைமேல் ஒரு குட்டிப் பிள்ளையார் படம், நெற்றியில் குங்குமம், பக்கத்தில் வாடின மல்லி ஒன்று. பிள்ளையாரே, நீயாவது குதிகாலைப் பற்றிப் பேசாமல் இரு என்று கனிஷ்கா அவரிடம் கண்ணாலேயே சொன்னாள். சொன்னதுதான் தாமதம், வலது குதிகால் கட்டில் ஓரத்தில் விசுக்கென்று எக்கியது.

எக்கக் கூடாது, இன்றைக்கு எக்கக் கூடாது. போன தடவை டாக்டர் வசுமதி தெளிவாகச் சொல்லிவிட்டார், அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், இவளுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம். ஷூ போட்டு நடக்கும்போது குதிகால் தரையைத் தொடுகிறதா என்று மிஷினில் பார்ப்போம், தொட்டால் ஷூவே போதும், காத்திருக்கலாம், தொடவில்லை என்றால் கெண்டைக்கால் நரம்பை நீட்டிவிடுகிற ஆபரேஷன், அப்புறம் மாவுக்கட்டு. கத்திக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. தூங்க வைப்பார்களே, அதற்குத்தான் பயம். கல்யாண மண்டப வாசலில் அப்பா புதுச் செருப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தால் வேறு யாருடையதோ தேய்ந்த செருப்பு கிடந்ததே, அந்த மாதிரி இவள் தூங்குகிற நேரத்தில் யாராவது அவசரத்தில் கால் மாறி எடுத்துக்கொண்டு போய்விட்டால்? கண்ணை விழித்தால் கட்டிலில் ஒரு தாத்தா கால் கிடக்கும், பித்த வெடிப்போடு. அதைப் போட்டுக்கொண்டு நாலாம் வகுப்புக்கு எப்படிப் போவது? சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது, இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்தது, இடது குதிகாலும் எக்கியது.

"என்ன கண்ணு, குளிருதா?" என்று அம்மா சாந்தாமணி சுவரோரத்தில் இருந்து கேட்டாள். அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரி கொடுத்த நீல ரப்பர் செருப்பில் நின்றார்கள். வாசலில் அவரவர் செருப்பைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். அம்மா அதில் கட்டைவிரலை மட்டும் நுழைத்துப் பட்டும் படாமலும் நின்றாள், சுடுசோற்றில் நிற்கிறவள் மாதிரி.

"குளிரலீம்மா."

"பயப்படாம நட சாமி. பரிச்ச மாதிரி நெனச்சுக்க."

பரிட்சையாம். பரிட்சை என்றுதான் காலையில் தலைக்குக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வழியில் மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடும் போட்டு, ஊர்க்காரர்கள் பஸ்ஸில் எங்கே என்று கேட்டபோது "புள்ளைக்கு நடக்கற பரிச்ச" என்று அம்மா சொல்லி, யாரோ ஒரு பெரியப்பா "நல்லாப் பாஸ் பண்ணு அம்மிணி" என்று தலையைத் தடவி அனுப்பியிருந்தார். பாஸ் பண்ண என்ன செய்ய வேண்டும் என்று கனிஷ்காவுக்குத் தெரியாமலா? அவளிடம் இரண்டு நடை இருக்கிறது. ஒன்று வீட்டு நடை, இன்னொன்று ரோட்டு நடை. வீட்டு நடை நுனிக்காலில், முட்டி ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, சுவரைப் பிடித்து, 'சர் சர்' என்று சத்தம் போடும். ரோட்டு நடைக்கு அந்தப் பழுப்பு ஷூ வேண்டும். கணுக்காலுக்கு மேலே வரைக்கும் நாடா கட்டுகிற, அடி கெட்டியான, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஷூ. போட்டால் கால் நேராகும், முட்டி சண்டை போடாது, கொஞ்ச தூரத்துக்குக் குதிகால் தரையில் 'டக்' என்று விழும். அந்த 'டக்'கைக் கேட்பதற்காகவே அவள் ரேஷன் கடை வரைக்கும் போகத் தயார். ஆக, நடை காலில் இல்லை, ஷூவில்தான் இருக்கிறது. இது அவளே கண்டுபிடித்தது. வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது நடையும் கழன்று அதற்குள்ளேயே உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்திலும் அப்படியே, வகுப்புக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள், அதன் கடைசியில் இவள் ஷூ, அதற்குள் இவள் நடை. டீச்சர் வாய்ப்பாடு சொல்லும்போது அது வெளியே வெயிலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். ராத்திரியில் என்ன செய்யும்? சும்மாவா இருக்கும்? ஒரு நாள் காலையில் பார்த்தால் ஷூ அடியில் செஞ்சேறு. மழை பெய்தது உண்மை, பக்கத்து வீட்டு நாய் இழுத்துப் போட்டது என்று அம்மா சொன்னதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கனிஷ்காவின் கணக்குப்படி ஷூ பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் மாடு விலை கேட்டுவிட்டு, பேரம் படியாமல், முதல் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்டிருப்பார். கால் இல்லாத ஷூவுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?

"முதல்ல வெறுங்கால். ரெடியா கனிஷ்கா? அந்தச் சுவர் வரைக்கும் சாதாரணமா நட, போதும்" என்றார் டாக்டர் வசுமதி. சாதாரணமா என்ற வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ. அதைக் கேட்டால் சாதாரணமே ஓடிப்போய்விடுகிறது. கையை எங்கே வைப்பது? மூச்சை உள்ளே இழுக்கும்போது கால் எடுப்பதா, வெளியே விடும்போதா? அவள் இறங்கி நின்றாள். அறையின் நடுவில் நீளமான சாம்பல் நிறப் பாதை. அதன் மத்தியில் இரண்டு சதுரங்கள் தனியாகத் தெரிந்தன, ஓரங்களில் மயிரிழை இடைவெளி. அந்தச் சதுரங்களைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். டாக்டர் வெளியே போயிருந்த நேரத்தில் அப்பா அங்குராசு கண்டுபிடித்துவிட்டார். அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் விசாரிப்பார், அப்புறம்தான் மனிதர்களை. இங்கேயும் குத்த வைத்து உட்கார்ந்து, விரல் கணுவால் தரையைத் தட்டிக்கொண்டே போனார், டக், டக், டக், சதுரத்தில் வந்ததும் டொக். அப்பா முகம் மாறியது. மறுபடி தட்டினார். டொக். "அடியில காலியா இருக்குது" என்று மெதுவாகச் சொன்னார், ஏதோ துக்கச் சேதி மாதிரி. "இத்தனை பெரிய ஆஸ்பத்திரி, ரெண்டு கல்லுக்கு அடியில கலவை போடாம உட்டுட்டானுக. கண்ணு, நடக்கறப்ப இந்த ரெண்டுல மட்டும் மிதிச்சுராத. ஆடும். உளுந்துருவ." அப்பா சொன்னால் சொன்னதுதான். அவர் கையால் ஒட்டின வீட்டுத் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். எறும்பு வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவளும்தான் வழுக்கியிருக்கிறாள், எறும்பை விட அதிகமாக. ஆனால் அதை அவள் தரையின் குற்றமாக நினைத்ததில்லை. அவ்வளவு அழகான தரைமேல் யாருக்குக் கோபம் வரும்?

நடந்தாள். சர், சர், சர். சிவப்புக் கண்கள். கம்ப்யூட்டருக்குள் குச்சிப் பொண்ணு புறப்பட்டுவிட்டது, அவளுக்கு அரை டவுசர் இல்லை, முட்டியில் தழும்பு இல்லை, எவ்வளவு லேசாய் இருக்கும் அவளுக்கு. இதோ சதுரம் வருகிறது. ஆடுமா, அடியில் என்ன இருக்கும், காலி என்றால் எவ்வளவு ஆழத்துக்குக் காலி, கிணத்துக்கடவில் மூடி போடாத பழைய கிணறு மாதிரியா? ஆஸ்பத்திரிக்கு அடியிலேயே கிணறு வைத்திருந்தால்? அவள் முழு உடம்பையும் கூட்டி ஒரு எக்கு எக்கி, இரண்டையும் தாண்டி, காற்றில் ஒரு கணம் தங்கி, அந்தப் பக்கம் இறங்கினாள். அந்த ஒரு கணத்தில் பிள்ளையாரை நேருக்கு நேர் பார்த்ததாக அவள் பின்னால் சாதிப்பாள். "மறுபடி" என்றார் டாக்டர். திரும்பி வந்தாள், தாண்டினாள். "இன்னொரு தடவை." தாண்டினாள். டாக்டர் கம்ப்யூட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா வெளியே போய் வாசலில் கிடந்த ஷூவைக் கொண்டுவந்தார், அடியை ஈரத் துணியால் துடைத்துக் கட்டினார், இரட்டை முடிச்சு. பாதத்துக் குண்டுகள் கழன்று ஷூவின் மேல் ஒட்டிக்கொண்டன. கால் உள்ளே போனதுமே நடை விழித்துக்கொண்டது. வா, வா என்றது. கனிஷ்காவுக்கு நெஞ்சு பட்டாசுத் திரி மாதிரி படபடத்தது. இதுதான் கேள்வித்தாள், இதுதான். நினைக்காதே, நினைக்காதே என்று சொல்லிச் சொல்லி, நினைக்காதே என்கிற சத்தமே கெண்டைக்காலுக்குள் போய்க் கயிறாக முறுக்கிக்கொண்டது. முதல் அடி டக். அடுத்த அடி டக். ஐயோ, விழுந்துவிட்டது, குதிகால் விழுந்துவிட்டது, அம்மா பார்த்தாயா, பிள்ளையாரே பார்த்தாயா. சந்தோஷம் பொங்கியது, பொங்கினதும் குதிகால் மேலே. அப்போது பார்த்துச் சதுரமும் வந்தது, அவள் ஷூவோடு எக்கித் தாண்டி, தடுமாறி, டாக்டர் கைக்குள் போய் விழுந்தாள்.

"ஏம்மா, அந்த ரெண்டு தட்டை மட்டும் ஏன் தாண்டித் தாண்டிப் போறே?"

"அது ஆடுங்க. அடியில காலியா இருக்குதுங்க. கலவ போடல."

"யார் சொன்னா?"

கனிஷ்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். நான் இதே தொழிலுதானுங்க. தட்டிப் பார்த்தா சத்தம் சரியில்ல. எடுத்துட்டு ஒட்டோணும்னா நானே ஞாயித்துக்கெழம வந்து ஒட்டித் தர்றனுங்க. கூலி வேண்டாம்."

 டாக்டர் வசுமதி சிரித்தார் பாருங்கள், கழுத்தில் தொங்கின அடையாள அட்டை குலுங்கி, கண்ணாடி நழுவி, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். "ஐயா, அதுதான் மிஷினே. கால் எவ்வளவு பலமா, எந்தப் பக்கம் சாஞ்சு மிதிக்குதுன்னு அந்தத் தட்டுக்கு அடியிலதான் அளக்கறோம். அதை மிதிக்காம போனா பரிட்சைத்தாளை மடிச்சு வெச்சிட்டு வந்த மாதிரி." அப்பாவின் காது சிவந்தது. "அப்படிங்களா" என்றார். குனிந்து அந்தச் சதுரத்தைப் பார்த்தார், நம்பினதாகத் தெரியவில்லை. "அதுக்காகக் கலவை போடாமயா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

மறுபடி நட, இந்தத் தடவை மிதி என்றார் டாக்டர். நடந்தாள், ஆனால் அதற்குள் களைப்பு வந்துவிட்டது. முதல் சில அடிகள் டக், அப்புறம் ஷூவுக்குள் குதிகால் மெல்ல மெல்ல நழுவி மேலே ஏறுவது அவளுக்கே தெரிந்தது, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கின பந்து மாதிரி, எவ்வளவு அமுக்கினாலும். தட்டின்மேல் நுனிக்கால்தான் விழுந்தது. சத்தமே இல்லை. டாக்டர் திரையில் கோடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "ஷூ போட்டா நல்ல வித்தியாசம் தெரியுது. ஆனா நிக்க மாட்டேங்குதே. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடறா?"

"எப்பவுமேங்க" என்றாள் அம்மா, மூச்சு விடாமல். "குளிக்கறப்ப, தூங்கறப்ப தவிர."

"வீட்லயுமா?"

"ஆமாங்க."

"ஒரு வருஷமா?"

"ஆமாங்க."

டாக்டர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். "அப்ப யோசிக்கணும். ஒரு வருஷம் முழுசாப் போட்டும் இவ்வளவுதான்னா ஷூ மட்டும் போதாதுன்னு அர்த்தம். ஆபரேஷனுக்கு நாள் பார்த்துடலாம்." அறை நீளமாகிவிட்டது. அந்தப் பக்கச் சுவர் பொள்ளாச்சிக்குப் போய்விட்டது. கனிஷ்கா அம்மாவைப் பார்த்தாள். பஸ்ஸில் அம்மா சொன்னது காதில் சுற்றியது, கேட்டா எப்பவும் போடறேன்னு சொல்லோணும், இல்லீன்னா நம்மளத் திட்டுவாங்க. அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. வீட்டுக்குள் ஷூ என்பதை அம்மாவால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது, சாமி படம் இருக்கிற வீடு, அப்பா ஒட்டின கண்ணாடித் தரை, ரோட்டில் எதை எதையோ மிதித்த ஷூ. ஆனால் பொய் ஷூவின் தலையில் அல்லவா விழுகிறது? பாவம், அது என்ன செய்தது? வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று சீட்டைக் கிழிக்கிறார்களே. சந்தைக்குப் போய்விட்டு வந்தாலும் விடிவதற்குள் வந்து வாசலில் நின்ற ஷூ அது. சொல்லலாமா? சொன்னால் அம்மாவைத் திட்டுவார்கள். சொல்லாவிட்டால் தூங்க வைப்பார்கள், தாத்தா கால். அம்மா, தாத்தா கால், அம்மா, தாத்தா கால்.  குதிகால் இரண்டும் எழும்பின, அவள் உயரமானாள், கம்ப்யூட்டரின் தலை தெரிந்தது, பிள்ளையார் தெரிந்தார். அவருக்குக் கீழே மேசை, மேசைக்குக் கீழே டாக்டரின் வெள்ளைச் செருப்பு, சுவரோரம் இரண்டு ஜோடி நீலச் செருப்பு. அப்போதுதான் அது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நேரம் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

"வூட்டுக்குள்ள போட மாட்டமுங்க" என்றாள். சத்தம் தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது. "பள்ளிக்கோடத்துலயும் வெளியதான் உடோணும். ரோட்டுக்கு மட்டுந்தான் ஷூ."

"அடி இவளே" என்றாள் அம்மா. முகம் வெளுத்துவிட்டது. "சாமி படம் இருக்கற வூட்டுக்குள்ள செருப்பப் போட்டுட்டு எப்பிடீங்க..."

"அம்மா, நீ இப்பப் புள்ளையாருக்கு முன்னாடி செருப்புப் போட்டுட்டுத்தான் நிக்கற."

அம்மா பிள்ளையாரைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். ஒரு காலை நீலச் செருப்பிலிருந்து பாதி உருவி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்று, மறுபடி செருப்புக்குள்ளேயே விட்டாள்.  முதலில் அப்பாவுக்குத்தான் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு டாக்டர். "எங்க வீட்லயும் வெளிச் செருப்பு உள்ள வராதுங்க" என்றார் அம்மாவிடம், திட்டுகிற குரலே இல்லை. "இங்க எப்படியோ அப்படித்தான். ரோட்டையே பார்க்காத ஷூ ஒண்ணு, வீட்டுக்குன்னு தனியா. காலைல எந்திரிச்சதுல இருந்து அது காலோட இருக்கட்டும். ஆறு மாசம் பார்ப்போம். ஆபரேஷனே வேண்டாம்னு நான் சொல்லல. இன்னும் நாம ஷூவை முயற்சி பண்ணவே இல்லைன்னு சொல்றேன்." பேனாவின் மூடி டப்பென்று மூடிக்கொண்டது. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புதுசு வாங்குனா பூஜைல வெச்சுட்டே போட்டுடறனுங்க" என்றாள்.

வீட்டுக்குள் ஷூ. கனிஷ்காவால் அதை ஒரே வாயில் விழுங்க முடியவில்லை. சமையற்கட்டுக்கு டக் டக் என்று போகலாம். சுவரைப் பிடிக்காமல், இரண்டு கையும் சும்மா இருக்க, கையில் தட்டம்கூட எடுத்துக்கொண்டு போகலாம். எறும்புகள் ஓரமாக ஒதுங்கும். ராத்திரி நடை வாசலில் கிடக்காது, கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக்கொள்ளும், குறட்டை விடும், சந்தைக்குப் போக வேண்டியதில்லை. அப்பாவின் கண்ணாடித் தரையில் கோடு விழுமே? விழட்டும், அப்பா வேறு கல் ஒட்டுவார், இல்லை ஒட்டமாட்டார், கோட்டைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் பேசுவார். "கடைசியா ஒரு தடவை நட, தட்டை மிதிச்சு" என்று டாக்டர் சொல்வது எங்கோ கேட்டது. நடந்தாள். டக். உடம்பு முழுக்கச் சந்தோஷம், தீபாவளியை விடப் பெரிய சந்தோஷம், இப்போது குதிகால் எழும்பப் போகிறது, எழும்பித்தான் தீரும், கயிறு முறுக்க ஆரம்பித்துவிட்டது. சரி, எழும்பிக்கொள், போ, இன்றைக்கு உன்னை யார் கேட்டார்கள், நான் சமையற்கட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அவள் அதை விட்டுவிட்டுப் போனாள், வீட்டுக்குள், கனவில், தட்டத்தோடு. சதுரம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. வலது குதிகால், ஷூவுக்குள் முழுக்க இறங்கி, சதுரத்தின் நடுவில் விழுந்தது.

டொக்.

நுனிக்காலில் நடந்த எந்த நாளிலும் எந்தத் தரையும் அவளுக்காக அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. அறையே திரும்பிப் பார்த்தது. அப்பா குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார், உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டு. கண் நிறைந்து நின்றது, அதைத் துடைக்காமல் டாக்டரை அண்ணாந்து பார்த்தார்.

"கேட்டீங்களா மேடம்," என்றார். "நாந்தான் சொன்னனில்லீங்க, அடியில காலியா இருக்குதுன்னு."